எஸ்டிஎம்மில் வினையைப் பார்க்கும்போது படம் சொதப்பினால்: அறிகுறி வாரியாக எங்கே தேடுவது

வாயு மேற்பரப்பில் வந்து ஒட்டுவதையும், நகர்வதையும், இன்னொன்றோடு சேர்ந்து வினையாகிக் கிளம்புவதையும் ஸ்கேனிங் டனலிங் மைக்ராஸ்கோப்பில் (எஸ்டிஎம்) அணு அணுவாகப் பார்க்கலாம். ஆனால் கருவி முன்னால் உட்காரும் நேரத்தில் பெரும்பகுதி, திரையில் தெரிவது வினையா, டிப் (மேற்பரப்பைத் தொடாமல் வருடும் கூர் ஊசி; இரண்டுக்கும் இடையே பாயும் டனலிங் கரண்டை வைத்துத்தான் படம்) செய்த வேலையா, சேம்பரில் மிச்சமிருந்த தண்ணீரா என்று பிரிப்பதிலேயே போய்விடுகிறது. திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன். 10⁻¹⁰ மில்லிபார் அளவு வெற்றிடம், ஒற்றைப் படிக சாம்பிள், லீக் வால்வு வழியாக வாயு, இதுதான் அமைப்பு என்று வைத்துக்கொள்கிறேன்.

தேடும் வரிசை எப்போதும் ஒன்றுதான். முதலில் செட்டிங், பிறகு டிப், பிறகு சாம்பிள், வாயு, கடைசியாக சேம்பர். சேம்பரைத் திறந்தால் மறுபடி 120 முதல் 150 டிகிரி செல்சியஸில் ஒன்றிரண்டு நாள் பேக்-அவுட் (சேம்பரையே சூடேற்றி உள்ளே ஒட்டிய தண்ணீரை விரட்டுவது), ஆறும்வரை காத்திருப்பு, எல்லா ஃபிலமென்ட்டையும் டீகேஸ் செய்வது (சூடாக்கி ஒட்டிய வாயுவை வெளியேற்றுவது) என்று ஒரு வாரம் காலி. அதனால் ஸ்பானரை எடுப்பதற்கு முன் கீழே உள்ளதையெல்லாம் பார்த்துவிடுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

## படம் முழுக்க அலை அலையாகக் கோடு

முதலில் எண்ணுங்கள். ஒரு வரி ஓட அரை நொடி, அந்த வரியில் 25 அலை இருக்கிறது என்றால் அது 50 ஹெர்ட்ஸ், நேராக மெயின்ஸ். உங்கள் ஊரில் மெயின்ஸ் 60 ஹெர்ட்ஸ் என்றால் 30 அலை. சந்தேகம் இருந்தால் ஸ்கேன் வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள்: அணு வரிசையாக இருந்தால் இடைவெளி அப்படியே நிற்கும், இரைச்சலாக இருந்தால் அலைகள் நெருங்கிவிடும். ஒரு நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் விட்டால் இரைச்சலுக்குப் போய் ஒரு அடுக்கமைப்பு கண்டுபிடித்ததாகக் குறிப்பு எழுத நேரிடும்.

அடுத்து டிப்பைப் பின்னுக்கு இழுத்துவிட்டு கரண்ட் சிக்னலின் ஸ்பெக்ட்ரத்தை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இரைச்சல் என்ற படம்) பாருங்கள். இங்கிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது.

### பின்னுக்கு இழுத்தும் இரைச்சல் போகவில்லை

மின்சாரப் பிரச்சினை. பக்கத்தில் இருக்கும் சார்ஜர், விளக்கு, மானிட்டர் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். அதன் பிறகு அயான் கேஜ் (அழுத்தம் அளப்பது), சாம்பிள் சூடேற்றும் பவர் சப்ளை, தெர்மோகப்பிள் மீட்டர். சுவிட்சை அணைத்தால் போதாது, கேபிளையே கழற்ற வேண்டும்; கிரவுண்ட் லூப் அணைத்த கருவி வழியாகவும் ஓடும். என் அனுபவத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது தெர்மோகப்பிள் வயர்.

ப்ரீஆம்ப் (டனலிங் கரண்டை வோல்ட்டாக மாற்றிப் பெருக்குவது) 10⁹ வோல்ட்/ஆம்பியர் என்றால் 100 பிக்கோஆம்பியர் வெளியே 0.1 வோல்ட்டாக வரும், ஆக சில மில்லிவோல்ட் ஆட்டம் என்பது சில பிக்கோஆம்பியர். கருவி நன்றாக இருந்த நாளில் எடுத்த ஸ்பெக்ட்ரம் ஒன்று கையில் இருந்தால் ஒப்பிடுவது சுலபம். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் அதைவிடப் பல மடங்கு இரைச்சல் இருந்தால் ப்ரீஆம்ப்தான். அங்கே நிறுத்துங்கள். அதன் உள்ளீட்டுப் பகுதி கையில் இருக்கும் ஸ்டாட்டிக் மின்னூட்டத்துக்கே செத்துவிடும், எலக்ட்ரானிக்ஸ் ஆளிடம் கொடுங்கள்.

### டனலிங்கில் இருக்கும்போது மட்டும் வருகிறது

முதலில் ஃபீட்பேக் (கரண்டை நிலையாக வைக்க டிப்பை ஏற்றி இறக்கும் சுற்று) கெயினைக் குறையுங்கள். கோடு மறைந்தால் அது வெறும் ஆசிலேஷன், விஷயம் முடிந்தது. மறையவில்லை என்றால் அதிர்வு. இடைவெளி 1 ஆங்ஸ்ட்ராம் மாறினால் கரண்ட் சுமார் பத்து மடங்கு மாறும்; அப்படியானால் 1 பிக்கோமீட்டர் ஆட்டமே கரண்டில் இரண்டு சதவீதத்துக்கு மேல். எனவே ரோட்டரி பம்பை நிறுத்திப் பாருங்கள், பிறகு டர்போ பம்பை. கட்டட அதிர்வு பெரும்பாலும் சில பத்து ஹெர்ட்ஸுக்குள், சின்ன டர்போ 1000 ஹெர்ட்ஸ் பக்கம்.

வினை பார்ப்பவர்களுக்கு மட்டும் இங்கே ஒரு சங்கடம். சும்மா படம் எடுப்பவர் சுழலும் பாகம் இல்லாத அயான் பம்பை மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பார்; வாயு விடும்போது நமக்கு டர்போ ஓடியாக வேண்டும். பெல்லோஸ் (நெளியும் உலோகக் குழாய்) வழியாக வரும் அதிர்வைக் குறைப்பது, பம்பைக் கனமான அடித்தளத்தில் பிணைப்பது தவிர வேறு வழி அதிகம் இல்லை. அதற்கு முன், ஸ்பிரிங்கில் தொங்கும் மேடை எங்காவது உரசுகிறதா என்று ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு விறைப்பான வயர் சேம்பர் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தாலே போதும், ஸ்பிரிங் இருந்தும் இல்லாத கணக்கு.

## எல்லாப் புள்ளியும் இரட்டையாக, அல்லது எல்லாம் ஒரே பிறை வடிவில்

டிப் நுனியில் இரண்டு முகடு. மேற்பரப்பில் இருக்கும் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்த பிறையாக இருக்க வாய்ப்பே இல்லை. நீங்கள் பார்ப்பது டிப்பின் படத்தை. படிக்கட்டு விளிம்பும் அதே தூரத்தில் இரட்டித்திருந்தால் உறுதி.

மலிவானது முதலில்: 3 முதல் 10 வோல்ட் வரை சில மில்லிநொடி பல்ஸ். சரியாகவில்லை என்றால் சுத்தமான தங்கம் அல்லது செம்பு மேல் ஒரு நானோமீட்டர் அளவுக்கு மெதுவாகக் குத்தி எடுங்கள். அப்புறம் டிப்பையே சூடேற்றுவது அல்லது ஆர்கான் அயனியால் அடிப்பது, அதற்கும் பிறகு புது டிப். பல்ஸ் கொடுப்பதை வினை பார்க்கப் போகும் இடத்தில் செய்யாதீர்கள், ஒரு மைக்ரோமீட்டராவது தள்ளிப் போங்கள். டிப்பிலிருந்து உதிர்ந்தது பிறகு வினைப்பொருள் மாதிரியே உட்கார்ந்திருக்கும்.

## படம் பாதியில் திடீரென்று மாறிவிட்டது

ஆள் ஏமாறுவது அதிகமும் இங்கேதான். 256 வரி, வரிக்கு ஒரு நொடி என்றால் ஒரு படத்துக்கு நாலு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. ஆக அது ஒரே கணத்தின் காட்சி கிடையாது. மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் இடையில் நாலு நிமிடம் ஓடியிருக்கிறது.

### மாற்றம் ஒரு புள்ளியில் மட்டும்

வெட்டுப்பட்ட வட்டம் தெரிகிறதா பாருங்கள்: ஒரு மூலக்கூறின் மேல்பாதி வழக்கம்போல் இருக்கும், சரியாக ஒரு ஸ்கேன் வரியில் நறுக்கினாற்போல் கீழ்ப்பாதி இருக்காது, அடுத்து இருக்கும் மூலக்கூறுகள் பழையபடியே. டிப் அதன் மேல் போய்க்கொண்டிருந்தபோது அது நகர்ந்துவிட்டது அல்லது போய்விட்டது. இது நிஜ நிகழ்வு. வினையா என்பது வேறு கேள்வி, டிப் இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். போகும் வரியையும் திரும்பும் வரியையும் ஒப்பிடுங்கள். பல மூலக்கூறுகள் ஸ்கேன் திசையிலேயே நகர்ந்திருந்தால் டிப்தான் தள்ளுகிறது. கரண்டைக் குறைத்து டிப்பை உயர்த்துங்கள்.

### அந்த வரிக்குக் கீழே எல்லாமே மாறியிருக்கிறது

இது டிப் மாற்றம். உயரம் ஒரு படி ஏறியோ இறங்கியோ இருக்கும், எல்லா அணுவும் ஒரே நேரத்தில் கூர்மையாகியோ மங்கியோ இருக்கும். கார்பன் மோனாக்சைடு வைத்து வேலை செய்பவர்களுக்கு இதில் ஒரு பெரிய பொறி: செம்பு (111) (எண் என்பது படிகம் வெட்டப்பட்ட முகம்) மேல் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வெறும் உலோக டிப்பில் பள்ளமாகத் தெரியும், டிப் ஒரு மூலக்கூறை எடுத்துக்கொண்டுவிட்டால் அதே மூலக்கூறுகள் மேடாகத் தெரியும். மேற்பரப்பில் ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் படம் தலைகீழ். சின்ன பல்ஸ் ஒன்று கொடுத்துவிட்டு அதே இடத்தை மறுபடி எடுங்கள். பழைய காட்சி திரும்பினால் வினை எதுவும் இல்லை.

இரண்டில் எது என்று சொல்ல முடியாத படத்தை ஒதுக்கிவிடுங்கள். ‘பெரும்பாலும் வினையாகத்தான் இருக்கும்’ என்று சேர்த்துக்கொண்ட படங்கள்தான் பிற்பாடு வினைவேகக் கணக்கைக் குழப்பும்.

## அதே இடத்துக்குத் திரும்ப முடியவில்லை, அணுக்கள் நழுவிக்கொண்டே போகின்றன

இடத்தை மாற்றியவுடன் வருகிறதா? அது பீஸோ (வோல்ட் கொடுத்தால் நீண்டு டிப்பை நகர்த்தும் பாகம்) க்ரீப், சில நிமிடங்களில் தானே அடங்கும், டீ குடித்துவிட்டு வாருங்கள். அடங்காமல் ஒரே திசையில் போய்க்கொண்டே இருந்தால் வெப்பம். உலோகம் பொதுவாக ஒரு டிகிரிக்கு லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில் நீளும்; 10 மில்லிமீட்டர் பாகம் ஒன்று 0.01 டிகிரி மாறினாலே 1 நானோமீட்டர், பிளாட்டினத்தில் அணு இடைவெளி 2.77 ஆங்ஸ்ட்ராம் என்பதால் மூணு நாலு அணு தூரம். சாம்பிளைச் சூடேற்றிவிட்டு உடனே ஸ்கேன் செய்தால் நழுவாமல் என்ன செய்யும்.

மேலிருந்து கீழே ஒரு படம், கீழிருந்து மேலே ஒரு படம் எடுங்கள். ஒன்றில் அணுக்கட்டம் நீண்டும் மற்றதில் குறுகியும் வந்தால் ட்ரிஃப்ட். காத்திருங்கள், மணிக்கணக்கில் ஆகலாம். காத்திருக்க நேரமில்லை என்றால் ஒரு குறை அணுவையோ படிக்கட்டு மூலையையோ அடையாளமாக வைத்து மென்பொருளில் திருத்தம் போடுங்கள். பல கட்டுப்பாட்டுக் கருவிகளில் இது உள்ளேயே இருக்கிறது. நாள் முழுக்கக் காத்திருந்தும் வேகம் குறையவே இல்லை என்றால் சாம்பிள் ஹோல்டர் திருகு தளர்ந்திருக்கிறதா பாருங்கள். க்ரையோஸ்டாட்டில் (குளிர்விக்கும் கலன்) இருந்தால் திரவ அளவைப் பாருங்கள்.

## வாயு விட்டாச்சு, ஒன்றும் நடக்கவில்லை

### வாயு சாம்பிளுக்கே போகவில்லை

குளிர் எஸ்டிஎம் என்றால் முதலில் கவசக் கதவு. மூடியிருந்தால் உள்ளே நுழைய வேண்டிய மூலக்கூறுகளில் பெரும்பகுதி குளிர்ந்த சுவரிலேயே ஒட்டிவிடும், கேஜ் மட்டும் அழகாக எண் காட்டும். கேஜ் இருக்கும் இடத்து அழுத்தமும் சாம்பிள் இடத்து அழுத்தமும் ஒன்றல்ல. கேஜ் நைட்ரஜனுக்கு அளவு செய்யப்பட்டது என்பதும் மறந்துபோகும்: கார்பன் மோனாக்சைடுக்குக் கிட்டத்தட்ட சரியாகவே காட்டும், ஹைட்ரஜனுக்கு நிஜ அழுத்தம் காட்டுவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

டோஸ் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வாயு டோஸின் அலகான 1 லாங்மியூர் என்பது 1.33 × 10⁻⁶ மில்லிபார் ஒரு நொடி. 5 × 10⁻⁸ மில்லிபாரில் அதற்கு 27 நொடி ஆகும்.

### வாயு வந்தது, வரிசை தப்பு

பிளாட்டினம் (111) மேல் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனேற்றம் பார்க்கிறவர்கள் அடிக்கடி மாட்டுவது இது. முதலில் கார்பன் மோனாக்சைடை நிரப்பிவிட்டால் ஆக்சிஜன் உடைந்து உட்கார அடுத்தடுத்து காலி இடம் கிடைக்காது, எவ்வளவு விட்டாலும் மேற்பரப்பு அப்படியே இருக்கும். மாற்றிச் செய்யுங்கள்: முதலில் ஆக்சிஜனை விட்டு 2×2 அடுக்கை (இரு திசையிலும் இரண்டு அணு இடைவெளிக்கு ஒன்று என்ற ஒழுங்கு) உருவாக்குங்கள், அதன் மேல் கார்பன் மோனாக்சைடு. மேற்பரப்பு வேதியியலாளர் கெர்ஹார்ட் எர்ட்லின் குழு 1997-இல் எஸ்டிஎம்மில் இந்த வினையைப் பார்த்தபோது செய்தது இதைத்தான். 247 கெல்வினில், ஆக்சிஜன் தீவுகளுக்கும் கார்பன் மோனாக்சைடு பகுதிக்கும் இடையேயான எல்லையில் வினை நடந்து தீவுகள் ஓரத்திலிருந்து சுருங்கின.

வெப்பநிலைக்கும் அதில் பங்கு உண்டு. ரொம்பக் குளிர்ந்தால் வினை நடக்காது. அறை வெப்பநிலையில் விட்டால் முதல் படம் முடிவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், உங்களுக்குத் தெரிவது கார்பன் மோனாக்சைடு மூடிய பரப்பு மட்டும். இரண்டும் திரையில் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்றே தெரியும் என்பதால், 10 அல்லது 20 டிகிரி ஏற்றி இறக்கிப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

### வரிசையும் சரி, சாம்பிள் அழுக்கு

பிளாட்டினத்தில் கார்பன் மிச்சம் இருந்தால் ஆக்சிஜன் முதலில் அதைத்தான் எரிக்கும். ஆக்சிஜன் மட்டும் விட்டு சாம்பிளைச் சூடேற்றி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் 28-ஐயும் 44-ஐயும் (கார்பன் மோனாக்சைடு, கார்பன் டைஆக்சைடு நிறைகள்) பாருங்கள். ஏறினால் கார்பன் இருக்கிறது. ஆர்கான் ஸ்பட்டர் (அயனியால் அடித்துச் சுரண்டுவது), அதற்குப் பிறகு 800 கெல்வினுக்கு மேல் 10⁻⁷ மில்லிபார் அளவில் ஆக்சிஜன், கடைசியில் ஆக்சிஜன் இல்லாமல் உயர் வெப்ப ஃபிளாஷ் என்று ஒரு சுற்று ஓட்டுங்கள். புதுப் படிகத்துக்குப் பல சுற்று பிடிக்கும், பொறுமை.

## ஸ்கேன் செய்த சதுரத்தில் மட்டும் வினை, அல்லது அங்கே மட்டும் வினை இல்லை

டிப்பைப் பல நூறு நானோமீட்டர் தள்ளி, இதுவரை தொடாத இடத்தில் ஒரு படம் எடுங்கள். எந்த வினைப் படமாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை இது. இதைச் செய்யாத படத்தை நான் நம்புவதில்லை.

### சதுரத்துக்குள் அதிகம்

டிப் எலக்ட்ரான்களே வினையைக் கிளப்புகின்றன. 50 கெல்வின் பக்கம் குளிர்ந்த பிளாட்டினம் (111) மேல் இருக்கும் ஆக்சிஜன் மூலக்கூறை டிப்பிலிருந்து வரும் 0.2 முதல் 0.4 வோல்ட் எலக்ட்ரான்களே உடைத்துவிடும் என்று 1997-இலேயே காட்டியிருக்கிறார்கள். பயஸை (டிப்புக்கும் சாம்பிளுக்கும் இடையே கொடுக்கும் வோல்ட்) குறையுங்கள், கரண்டைக் குறையுங்கள், இரண்டு மூன்று மதிப்புகளில் வினைவேகத்தை ஒப்பிடுங்கள். கரண்டோடு சேர்ந்து வேகம் மாறினால் அது உங்கள் வினை அல்ல, டிப்பின் வினை. படங்களுக்கு இடையில் டிப்பை ஒதுக்கி வைத்துவிட்டு இடைவெளி விட்டு எடுப்பதும் உதவும்.

### சதுரத்துக்குள் குறைவு

டிப் குடை பிடிக்கிறது. நுனி சில பத்து நானோமீட்டர்தான் என்றாலும் மேலே அகன்றுகொண்டே போகிறது, பக்கவாட்டில் வரும் வாயுவை மறைத்துவிடுகிறது. டோஸ் கொடுக்கும்போது டிப்பைச் சில மைக்ரோமீட்டர் பின்னுக்கு இழுத்து வைத்துவிட்டுப் பிறகு திரும்பி வாருங்கள். நேரடியாகப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் வாயுக் குழாய் இருக்கும் திசைக்கு ஏற்ப சாம்பிளைத் திருப்புங்கள், டிப்பை இன்னும் ஒல்லியாக எட்ச் செய்யுங்கள் (அரித்துக் கூராக்குவது).

## வாயு விடும் முன்பே புள்ளிகள் முளைக்கின்றன

10⁻¹⁰ மில்லிபாரில் 1 லாங்மியூர் சேர நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஆகும். காலையில் சுத்தம் செய்த சாம்பிள் மாலையில் சுத்தம் இல்லை, அவ்வளவுதான். சாம்பிளை மறுபடி சுத்தம் செய்து, உடனே ஒரு படம், ஒரு மணி நேரம் கழித்து ஒரு படம் எடுத்துப் புள்ளிகளை எண்ணுங்கள்.

டைட்டானியம் டைஆக்சைடு (110) என்றால் இன்னும் கவனம். ஆக்சிஜன் காலியிடமும் ஹைட்ராக்சிலும் பிரகாசமான டைட்டானியம் வரிசைகளுக்கு நடுவே ஏறக்குறைய ஒரே மாதிரிப் புள்ளியாகத் தெரியும், ஹைட்ராக்சில் கொஞ்சம் பிரகாசம் அதிகம். ஒரு காலியிடத்தில் ஒரு தண்ணீர் மூலக்கூறு விழுந்தால் இரண்டு ஹைட்ராக்சில். பிரிக்க ஒரு வழி: சுமார் 3 வோல்ட்டில் ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். ஹைட்ரஜன் கிளம்பிவிடுவதால் ஹைட்ராக்சில் புள்ளிகள் மறையும், காலியிடங்கள் நிற்கும்.

எங்கிருந்து வருகிறது என்பதை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் சொல்லும். 18 உயரமாக இருந்தால் தண்ணீர், பேக்-அவுட் போதவில்லை. நைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் இரண்டுமே 28: அதோடு சேர்ந்து 14, 32, 40 (நைட்ரஜன் அணு, ஆக்சிஜன், ஆர்கான்) வந்தால் காற்றுக் கசிவு. 28-ஓடு 12 வந்தால் கார்பன் மோனாக்சைடு. கசிவு என்றால் ஃபிளாஞ்சுகளைச் சுற்றி ஹீலியம் அடித்து 4-ஐப் பாருங்கள், கிடைத்த இடத்தில் போல்ட்டை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இறுக்கியும் நிற்கவில்லை, அல்லது ஜன்னல் கண்ணாடியின் ஓரத்திலோ செராமிக் ஃபீட்த்ரூவிலோ (வயர் உள்ளே நுழையும் இடம்) கசிகிறது என்றால் கையை எடுத்துவிடுங்கள், வெற்றிட ஆளைக் கூப்பிடுங்கள்.

வாயு விட்ட பிறகுதான் அழுக்கு வருகிறது என்றால் வாயு வரும் குழாயைச் சந்தேகியுங்கள். அதை பம்ப் செய்து, வாயு நிரப்பி, மறுபடி பம்ப் செய்து என்று பலமுறை அலசுங்கள். எஃகு சிலிண்டரில் பல காலம் இருந்த கார்பன் மோனாக்சைடில் நிக்கல், இரும்பு கார்பனைல்கள் சேர்ந்திருக்கும், அவை சூடான சாம்பிள் மேல் சிதைந்து உலோகத்தைப் படியவைக்கும். அலுமினிய சிலிண்டருக்கு மாறுங்கள் அல்லது குழாயில் சூடான செம்புப் பொறி வையுங்கள். ஆக்சிஜன் விடும்போது கேஜின் சூடான ஃபிலமென்ட்டே கார்பன் மோனாக்சைடை உற்பத்தி செய்யும், அழுத்தம் நிலைத்ததும் கேஜை அணைத்துவிடுங்கள். அயான் பம்ப் முன்பு விழுங்கிய வாயுவைத் திரும்பக் கக்குவதும் உண்டு.

கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தால் பிழை தேடும் வேலையே கிடையாது. வாசனை வராது, வெளியே போய்விட்டு பாதுகாப்பு ஆளைக் கூப்பிடுங்கள்.

## டிப் இறங்கி முட்டுகிறது, கரண்ட் வரவில்லை

பயஸ் சாம்பிளுக்குப் போகிறதா? டிப் பக்கத்தில் இருக்கும்போது பயஸை வேகமாக ஏற்றி இறக்குங்கள். வயரிங் சரியாக இருந்தால் கெப்பாசிடிவ் பிக்கப் கரண்டில் சின்னதாகத் துள்ளும். துள்ளவில்லை என்றால் சாம்பிள் ஹோல்டர் தொடுமுனை. துள்ளியும் முட்டுகிறது என்றால் டங்ஸ்டன் டிப் மேல் இருக்கும் ஆக்சைடு, எட்ச் செய்த பிறகு வெற்றிடத்தில் எலக்ட்ரான் அடித்துச் சூடாக்காமல் விட்டால் இப்படித்தான்.

## படிக்கட்டு உயரம் தப்பாக வருகிறது

பிளாட்டினம் (111) படி 2.27 ஆங்ஸ்ட்ராம், தங்கம் (111) 2.35. இதைவிட நன்றாகக் கூடியோ குறைந்தோ வந்தால் மென்பொருளில் அளவுக் கோப்பு மாறியிருக்கிறதா, வெப்பநிலை மாறியதா என்று பாருங்கள்; குளிரில் பீஸோ குறைவாகவே நீளும். அதுவும் சரி என்றால் பீஸோவின் ஒவ்வொரு மின்முனைக்கும் கெப்பாசிடன்ஸ் அளந்து பழைய குறிப்போடு ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் விழுந்திருந்தால் வயர் அறுந்தோ குழாய் விரிசல் விட்டோ இருக்கும். எல்லாமே ஒரே விகிதத்தில் மாறியிருந்தால் அதிகச் சூட்டில் பேக்-அவுட் செய்து போலரைசேஷன் போயிருக்க வாய்ப்பு. அழுத்தம் மில்லிபார் பக்கம் இருக்கும்போது, அதாவது பம்ப் இறங்கும் வழியிலோ காற்று விடும்போதோ, பீஸோவுக்கு நூற்றுக்கணக்கில் வோல்ட் கொடுத்தாலும் பொறி பறந்து மின்முனை எரிந்துபோகும்.

இந்தக் கட்டத்தில் வேலை தயாரிப்பாளரின் சர்வீஸ் ஆளுக்குத்தான். கூப்பிடும்போது கெப்பாசிடன்ஸ் அளவுகள், டிப் பின்னிழுத்தும் டனலிங்கிலும் எடுத்த இரண்டு ஸ்பெக்ட்ரம், கடைசி பேக்-அவுட்டின் உச்ச வெப்பநிலை, ஒரு மாஸ் ஸ்பெக்ட்ரம் ஆகியவற்றைச் சேர்த்தே அனுப்புங்கள். இல்லையென்றால் முதல் இரண்டு மின்னஞ்சல் அவற்றைக் கேட்பதிலேயே போய்விடும்.